பின்னாலிருந்து தள்ளினார்கள்

எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று எழுதியிருந்த லிஃப்டுக்குள் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். மணி விடாமல் கத்தியது. கதவு மூட மறுத்தது. ஆனாலும் ஒருவரும் வெளியே வரவில்லை. பக்கத்தில் இருப்பவர் இறங்குவார் என்று ஆளுக்கு ஆள் கூரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

கருவிப் பையோடு வெளியே நின்றிருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

"சார், யாராவது ஒருத்தர் இறங்குங்க."

"கடைசியா யாரு ஏறினாங்களோ அவங்க இறங்கட்டும்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஏன், என் ஒருத்தனாலயா மணி அடிக்குது? நான் என்ன யானையா?" என்றார் கதவோரம் நின்றவர்.

"யாரால அடிச்சாலும், விழுந்தா எல்லாரும் சேர்ந்துதான் சார் விழுவீங்க."

கதவோரம் நின்றவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். லிஃப்ட் மேலே போனது. மெக்கானிக் படியேறி மொட்டைமாடியிலிருந்த மோட்டார் அறைக்குப் போனான்.

அன்று சனிக்கிழமை. மணி நாலரை இருக்கும். சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது தூரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மைதானம் அங்கிருந்து ஒன்றரை மைல். முதலில் முணுமுணுப்பு, பிறகு இரைச்சல், கடைசியில் ஒரு பெருமூச்சு. கோல் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. நூலிழையில் வெளியே போன பந்து. சத்தத்தை வைத்தே ஆட்டத்தைச் சொல்லிவிடும் காது அவனுக்கு.

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தான். கூரைகளுக்கு மேலே மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. அங்கே போய் இரண்டு வருஷமாகிறது. ஆட்டத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் டிவி போதும். பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்த சனிக்கிழமைகளை எந்த டிவியில் போடுவார்கள்?

வடக்கு கேலரியில்தான் அவளை அவன் முதலில் பார்த்தான். பின்வரிசையிலிருந்து யாரோ இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் காது அடைத்துப் போய், சண்டைக்குத் திரும்பினான். பார்த்தால் ஒரு பெண்.

"காது செவிடாயிடும் போலிருக்கே!"

"காது போனா போகட்டும், கண்ணு இருக்குல்ல? முன்னாடி திரும்பிப் பந்தைப் பாருங்க."

அடுத்த வருஷம் கல்யாணம். கேலரியில் அவளுக்கு 'விசிலக்கா' என்று பெயர். அதற்குப் பிறகு அவனை யாரும் மெக்கானிக் என்று சொல்லவில்லை. 'விசிலக்கா வீட்டுக்காரர்' என்றுதான் சொன்னார்கள். அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமை. ஒன்பது வருஷம் ஒரு சனிக்கிழமை விடாமல் போனார்கள். கடைசியாகப் போனது அந்த இறுதி ஆட்டத்துக்கு.

அன்றைக்கு ஊரே திரண்டு வந்திருந்தது. "நீங்க வண்டிய விட்டுட்டு வாங்க, நான் உள்ள போய் இடம் பிடிக்கிறேன்" என்று அவள் முன்னால் போய்விட்டாள். வடக்கு கேட்டுக்கு இரண்டு கதவுகள். டிக்கெட் பார்க்க ஆள் போதவில்லை என்று ஒன்றைத்தான் திறந்திருந்தார்கள். நாலாயிரம் பேர் வெளியே நிற்கும்போதே ஆட்டம் தொடங்கிவிட்டது. பத்தாவது நிமிஷம் உள்ளே இடி இடித்ததுபோல் ஒரு முழக்கம். கோல்!

வெளியே நின்றவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவனுக்கும்தான். அவள் இந்நேரம் உள்ளே இடம் பிடித்திருப்பாள் என்று நினைத்தான். முன்னால் நின்ற யாரோ ஒருவரின் முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தான். "ஒண்ணு... ரெண்டு... தள்ளு!" என்று விளையாட்டாகக் கத்தினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவர்களும் கை வைத்தார்கள். மூன்று தடவை அப்படித் தள்ளினார்கள். நாலாவது தடவை முன்னாலிருந்து ஒரு அலறல் கேட்டது. உற்சாகக் கூச்சல் என்றுதான் நினைத்தான்.

மூன்று பேர் மூச்சுத் திணறிச் செத்துப்போனார்கள். மூடிய கதவோடு நசுங்கிய அவன் மனைவிக்கு நாலு விலா எலும்புகள் முறிந்து, ஒன்று நுரையீரலில் குத்தியிருந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். மூச்சு மட்டும் பழையபடி திரும்பவில்லை. இரண்டாவது மாடி வீட்டுக்கு ஏற வழியில் மூன்று இடத்தில் நின்றாள். ஊரெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவன் வீட்டில் லிஃப்ட் இல்லை. பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள், காலால் மிதிக்க முடியாமல் தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டுக்கொண்டாள்.

விசாரணைக்கு நூறு பேரைக் கூப்பிட்டார்கள். நூறு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "பின்னாலிருந்து தள்ளினார்கள்." அவனும் அதையே சொன்னான். எழுதிக்கொண்ட அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அது பொய்யும் இல்லை; அவனுக்குப் பின்னாலும் ஆட்கள் இருந்தார்கள்தான். கேட் திறக்காதது தப்பு, இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றது தப்பு என்று அறிக்கை வந்தது. அந்த அறிக்கைக்குப் பின்னால் அவன் பத்திரமாக ஒளிந்துகொண்டான்.

ஆனால் வீட்டில் எங்கே ஒளிவது? அவள் சோறு போட்டாள், சிரித்தாள், அவன் சட்டைக்குப் பட்டன் தைத்தாள். சனிக்கிழமை சாயங்காலமானால் மட்டும் எழுந்து மைதானப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். பயம் என்று நினைத்துக்கொண்டு அவன் கால்பந்து என்ற பேச்சையே எடுப்பதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவளைத் தேடி ஏங்கினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சில தாள்களோடு நின்றார்.

"தங்கச்சி, என்னைத் தெரியுதா? வடக்கு கேட்டுல நின்ன காவலாளி."

அவள் மெஷினை நிறுத்தினாள். "உள்ள வாங்கண்ணே."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "ஒரு கதவு போதும்னு மேல சொன்னாங்க. ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சுது. சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. வேலை போயிடுமேன்னு திறக்காம நின்னேன். வேலை எப்படியும் போச்சு. அது கிடக்கட்டும், உங்க மூச்சும் போயிடுச்சு. மன்னிச்சுக்குங்கன்னு கேட்க ரெண்டு வருஷமா உங்க தெருமுனை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனேன்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். வரும் சனிக்கிழமை வடக்கு வாசலை மறுபடி திறக்கிறார்கள். அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தாராம். வரிசைக்கு நடுவே நின்று கூட்டத்தை நிதானப்படுத்தத் தொண்டர்கள் வேண்டும். அதற்குத்தான் வீடு வீடாக அலைகிறார்.

"ரெண்டு வருஷத்துல 'நான்தான்'னு சொல்லிக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதாண்ணே" என்றாள் அவள். "மத்தவங்க எல்லாரும் 'தள்ளிட்டாங்க'ன்னாங்க. நாலாயிரம் பேர் நின்ன இடத்துல தள்ளினவன் ஒருத்தன்கூட இல்லையாம்!"

அவன் டீயைக் கொண்டுவந்து வைத்தான். காவலாளி தொண்டர் பதிவுத் தாள் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் செருப்புச் சத்தம் படியில் மறையும்வரை அவன் வாசலிலேயே நின்றான்.

"ஒருத்தன் இருக்கான்" என்றான்.

"என்னது?"

"தள்ளினவன். நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னான். ஒன்று, இரண்டு என்று எண்ணியதையும் மறைக்கவில்லை. அவள் கையிலிருந்த துணியை மெஷின்மேல் வைத்தாள். பிறகு எழுந்து, அவனுக்கு முதுகைக் காட்டிக் கதவைப் பார்த்து நின்றாள்.

"காட்டு."

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவனிடம் ஒருமையில் பேசினாள்.

"என்னம்மா காட்டணும்?"

"எப்படித் தள்ளினன்னு காட்டு. கைய வை."

வைத்தான். வலிக்குமோ என்று இரண்டு வருஷமாக இறுக்கித் தொடவும் அஞ்சிய முதுகு. மெல்லத் தள்ளினான். அவள் அரை அடி நகர்ந்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"எனக்கு வந்து சேர்ந்தது இவ்வளவு இல்லையே. ஒரு சுவரே நடந்து வந்து என்மேல சாஞ்சுது. அந்தச் சுவர்ல இருந்த ஒவ்வொரு செங்கல்லும் இவ்வளவுதான் இருந்திருக்கும், இல்ல?" குரல் உடைந்தது. "நான் ஜன்னலச் சாத்துறது பயத்துலன்னு நெனச்சுக்கிட்டிருக்க. சத்தம் கேட்டா போகணும்போல இருக்கு. அதான் சாத்துறேன். நீயா ஒரு நாளாவது கூப்பிடுவன்னு பார்த்தேன். கூப்பிடவே இல்ல."

நாலு நாள் அவள் அவனோடு பேசவில்லை. வியாழக்கிழமை அவன் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் காவலாளி கொடுத்த தாளும் ஒரு பேனாவும் இருந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தான்.

சனிக்கிழமை வடக்கு கேட்டில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருந்தன. வரிசை மெதுவாக நகர்ந்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உள்ளே அந்த இடிமுழக்கம். அவன் உடம்பு தன்னால் மைதானத்தின் பக்கம் திரும்பப் பார்த்தது. அவன் திரும்பவில்லை. வரிசையைத்தான் பார்த்தான். அது இறுகத் தொடங்கியிருந்தது.

"கோல் போயிடுச்சுய்யா! என்ன ஆடி அசைஞ்சு போறீங்க? தள்ளுங்கய்யா!" என்று கத்தினார் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு ஒருவர்.

அவன் இரண்டு கைகளையும் உயர்த்திக் குறுக்கே நின்றான். "கோல் தவறிப்போனா திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவாங்க சார். ஒரு உசுரு தவறிப்போனா யாராலயும் திரும்பக் காட்ட முடியாது. நில்லுங்க."

"அதைச் சொல்ல நீ யாருய்யா?"

"போன தடவை இதே இடத்துல தள்ளினவன். முன்னாடி நசுங்கினது என் பொண்டாட்டி."

அந்த மனிதர் எடுத்த காலைப் பின்னுக்கு வைத்தார். "என்னவாம்?" என்று பின்னால் நின்றவர் கேட்க, அவர் திரும்பிச் சொன்னார். அது அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு என்று வரிசையின் கடைசிவரை போனது. இறுகிய கூட்டம் ஒரு அடி பின்னால் தளர்ந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தான். அவள் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது கோல் பிரமாதமாமே? கீழ் வீட்டுல கத்தினாங்க."

"பார்க்கல. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டில்ல நின்னேன்."

"பின்ன என்னத்தத்தான் பார்த்தீங்க?"

"வந்தவங்க எல்லாரும் உள்ள போனதைப் பார்த்தேன். அத்தனை பேரும் வெளிய வந்ததையும் பார்த்தேன்."

அவள் மடித்த சட்டையை அடுக்கின்மேல் வைத்தாள்.

"அடுத்த வாரம் எனக்கு ஒரு டிக்கெட் எடுங்க."

அவன் அவளருகே வந்தான். "நான் வெளியதான் நிக்கணும். உன் பக்கத்துல உட்கார முடியாது."

"தெரியும். எனக்கும் அந்தப் பக்கத்து இடத்தைப் பார்த்தா கஷ்டமாத்தான் இருக்கும். இருக்கட்டும்." அவள் அவன் கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "கூட்டம் தள்ளிச்சு, கூட்டம் மிதிச்சுதுன்னு சொல்லிட்டுப் போயிடுறோம். கூட்டத்துக்குன்னு தனியா கை ஏதுங்க? எல்லாம் நம்ம கைதான். அவங்கவங்க கைய அவங்கவங்க அடக்கி வெச்சுக்கிட்டா, வந்தவங்க அத்தனை பேரும் வீடு போய்ச் சேரலாம்."