வெறும் நெற்றி

“தலையக் கொஞ்சம் குனிங்கக்கா, பூவ வச்சி வுட்டுடுறேன்” என்றாள் கவிதா.

சத்யப்பிரியா குனியவில்லை. உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியோடு சேர்ந்து பின்னால் நகர்ந்தாள். நாற்காலியின் கால் சிமெண்டுத் தரையில் கிரீச்சிட்டது. ஐஸ் பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். விக்கிரமங்கலத்தில் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்த வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

கவிதா அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் அறிவரசனின் மனைவி. கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் மல்லிகைச் சரம், குங்குமம், பச்சைக் கண்ணாடி வளையல்கள். ஐஸ் பெட்டிக்குள் ராஜராஜன் படுத்திருந்தான். நேற்றுக் காலை வரைக்கும் சத்யப்பிரியாவின் புருஷன்.

“வேணாம் கவிதா.”

“நான் என்னக்கா பண்ணட்டும்? வழக்கம் அப்படி.”

வழக்கம் அப்படித்தான். புருஷன் செத்தால், பிணம் எடுக்குமுன் மனைவிக்குப் பூ, பொட்டு, வளையல் எல்லாம் கடைசியாக ஒரு தடவை வைத்து அவன் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். கருமாதியன்று விடியலில் அவ்வளவையும் எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்கென்றே வைப்பது. ஆனால் சத்யப்பிரியா பூவும் பொட்டும் வைத்துப் பல வருடம் ஆகிறது. கழுத்தில் தாலிக்கயிறு ஒன்றுதான். அதுவும் ராஜராஜன் கேட்டுக்கொண்டதற்காக.

மூன்றாவது கருவும் தங்காமல் போன வருடம், பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியோடு அரியலூர் ஜெப வீட்டுக்குப் போனாள். அங்கே போயும் பிள்ளை வரவில்லை. தூக்கம் வந்தது. ஊரில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, எந்த விசேஷ வீட்டிலும் அவளை முன்னால் நிற்க விடாத பெயர். அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அந்தப் பெயர் இல்லை. அங்கே அவள் யாரோ ஒருவருக்கு மகளாக இருந்தாள். அதன்பிறகு பொட்டை விட்டாள், பூவை விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? “புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவே மொட்ட நெத்தியோட திரியிறா பாரு” என்றார்கள். ராஜராஜன் மட்டும் சிரித்தான். “ஒஞ்சாமி ஒனக்கு, எஞ்சாமி எனக்கு. சோத்துல உப்பு சரியா இருந்தா போதும்” என்பான். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் அவளை வண்டியில் கொண்டுபோய் ஜெப வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் பரோட்டா தின்றுகொண்டு காத்திருப்பான்.

நேற்றும் ஞாயிற்றுக்கிழமைதான்.

“நெஞ்ச கரிக்குது. வாயுதான். நீ பஸ்ல போயிட்டு வந்துடு” என்றான். அவள் வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனாள். ஜெபம் முடிந்து போனை எடுத்துப் பார்த்தபோது அறிவரசனிடமிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. வீட்டுக்குள் நுழைந்தவளின் முகத்துக்கு நேராக அவள் நாத்தனார் லீலாவதி கத்தியது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

“மொட்ட நெத்தியோட சுத்துனியே, நெசமாயிடுச்சு பாருடி! வேண்டி வேண்டி வாங்கிட்டியே!”

லீலாவதி ராஜராஜனுக்கு மூத்தவள். கல்யாணமான மூன்றாம் வருடமே தாலியறுத்து, தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். கோபத்தில் சொன்னாள் என்று சத்யப்பிரியாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒருவேளை அது நிஜம்தானோ என்ற பயம் நேற்றிலிருந்து அவளை விடவில்லை. கண்ணை மூடினால் வாசற்படி வந்தது. ஜெபிக்கப் பார்த்தாள். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. அத்தனை வருடமாகக் கூடவே இருந்த ஆண்டவர், இந்த வீட்டுக்குள் ஐஸ் பெட்டி வந்ததும் வெளியே போய்விட்டார் போலிருந்தது.

அறிவரசன் பந்தலுக்குள் வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துப் பேசினான்.

“சித்தப்பா அரியலூர்ல ரயில வுட்டு எறங்கிட்டாரு. அவரு வந்ததும் தூக்கணும். பொட்டு வைக்காம தூக்க மாட்டோம்னு பெரியவங்க சொல்றாங்க. அண்ணிகிட்ட கேட்டுச் சொல்லுக்கா.”

“அவதான் கல்லு மாரி ஒக்காந்திருக்காளே” என்றாள் லீலாவதி.

“நாளைக்கு நான் இந்த ஊர்ல நடமாட வேணாமா?” என்றான் அறிவரசன். “ இந்த வூட்டுல இருக்கணும்னா இந்த வூட்டு வழக்கத்துக்கு வரச் சொல்லு. இல்லன்னா கருமாதி முடிஞ்சதும் அவங்க சபையே அவங்களப் பாத்துக்கட்டும்.”

குரல் உயரவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அவளுக்கு அப்பா அம்மா இல்லை. திருமானூரிலிருந்து கோடிச் சேலையோடு வந்திருந்த தம்பி பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். இந்த வீட்டைவிட்டால் அவளுக்குப் போக இடமில்லை.

தெருவில் கரண்டு கம்பத்தடியில் பாஸ்டர் அன்பழகன் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். பந்தலுக்குள் வர அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் வர அவருக்குத் தைரியமில்லை. அவள் முகம் கழுவத் தொட்டிப் பக்கம் போனபோது வேலியோரமாக வந்தார்.

“சிஸ்டர், உறுதியா இருங்க. எல்லாரும் உங்க சாட்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க இன்னைக்குப் பொட்டு வச்சிட்டா, நாளைக்கு நம்ம சபைப் புள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“பாஸ்டர், எனக்குப் பயமா இருக்கு.”

“பயப்படக் கூடாது சிஸ்டர்” என்றார். சொல்லிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நல்ல மனிதர். ஆனாலும் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். உள்ளே இருக்கிறவர்களும் வெளியே நிற்கிறவரும் அவள் நெற்றியைத்தான் பார்த்தார்கள். அந்த நெற்றிக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் கண்ணை மூடிப் படுத்திருந்தான்.

அவள் திரும்பி வந்தபோது கவிதாவின் கையிலிருந்த தட்டு லீலாவதியின் கைக்கு மாறியிருந்தது.

“நீங்கள்லாம் அழுங்கடி. நான் பேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு லீலாவதி அவள் மணிக்கட்டைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அறை புழுக்கமாக இருந்தது. ஆணியில் ராஜராஜனின் காக்கிச் சட்டை தொங்கியது. டீசல் வாடை. சத்யப்பிரியா கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டாள். அடிக்கப்போகிறாளோ என்றுகூட நினைத்தாள். பிடித்து அமுக்கி வைத்துவிட்டால் என்ன செய்வது? கத்தினால் யார் வருவார்கள்?

லீலாவதி தட்டைக் கட்டில்மேல் வைத்தாள். வைக்கும்போது வளையல்கள் கலகலத்தன. கதவில் சாய்ந்து நின்றாள். வெளியே மேளக்காரர்கள் டீ குடிக்க மேளத்தை நிறுத்தியிருந்தார்கள்.

“சத்யா, நேத்து அவனுக்கு வேர்த்துக் கொட்டுச்சுடி.”

சத்யப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள்.

“சட்ட பூரா நனைஞ்சு போச்சு. வெயிலுன்னு நெனச்சேன். ஓமத்தண்ணி வச்சிக் குடுத்தேன். பெருங்காயத்தக் கரைச்சி வயித்துலயும் நெஞ்சுலயும் தடவுனேன். வாயுன்னே நெனச்சிட்டேன். நூத்தியெட்டுக்குப் போன் போடட்டுமான்னு கேட்டேன், அவந்தான் வேணாம்னுட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். கேக்கலடி. எனக்குத் தோணவே இல்ல. பெருங்காயத்தத் தடவிக்கிட்டே ஒக்காந்திருந்தேன்.”

அவள் அப்படியே கதவோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே போய்விடுமே என்ற பயம்.

“பயந்துட்டேன் சத்யா. நாந்தான் கொன்னுட்டேனோன்னு பயந்துட்டேன். அதான் நீ வந்ததும் ஒம்மேல தூக்கிப் போட்டுட்டேன்.”

சத்யப்பிரியாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேற்றிலிருந்து இந்த வீட்டில் தான் ஒருத்திதான் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள்.

“என்னை ஏன் கூப்புடல அண்ணி?”

“ஒன்னக் கூப்புடட்டுமான்னு கேட்டேன். அது சத்தியம். வேணாம்னான்.” லீலாவதி மூக்கை உறிஞ்சினாள். “‘அவ அங்கயே இருக்கட்டும்க்கா. எனக்கும் சேத்துத்தான் முட்டி போட்டுக்கிட்டு இருப்பா, கலைக்காத’ன்னான். அப்பறம் பேசல.”

நேற்று அந்த நேரத்தில் அவள் முட்டிபோட்டுத்தான் இருந்தாள். என்ன ஜெபித்தாள் என்று நினைவில்லை. கால் மரத்துப்போனதும், எழுந்திருக்க மனம் வராததும்தான் நினைவிருந்தன. தனியாக விட்டுவிட்டு வந்தோமே என்று நேற்றிலிருந்து நெஞ்சு வெடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே நெஞ்சு வலியோடு படுத்துக்கொண்டு, அவள் எங்கே, யாரிடம், யாருக்காக இருக்கிறாள் என்று அவன் தெரிந்து வைத்திருந்திருக்கிறான்.

அழுகை அப்போதுதான் வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை. அழுது ஓய்ந்தபோது, தேடிக்கொண்டிருந்த ஆண்டவர் அந்த அறையில் இருந்தார். குரல் எதுவும் கேட்கவில்லை, வசனம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. இருட்டில் விழித்துக்கொண்ட பிள்ளைக்குப் பக்கத்தில் அம்மா மூச்சுவிடுவது கேட்குமே, அந்த அளவுதான். பயம் போய்விடவில்லை. அது ஒரு பக்கம் இருந்தது, அவரும் இருந்தார்.

கதவு தட்டப்பட்டது. “சித்தப்பா வந்துட்டாரு. என்ன ஆச்சு?” என்றது அறிவரசனின் குரல்.

லீலாவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நீ வச்சுக்க வேணாம். நான் போயி சண்ட போடுறேன். அடிச்சா அடிக்கட்டும்.”

“வைங்கண்ணி” என்றாள் சத்யப்பிரியா.

“நெசமாவா? இரு, கவிதாவக் கூப்புடுறேன்.”

“கவிதா வேணாம். நீங்க வைங்க.”

லீலாவதி நெருப்பை மிதித்தவளாய்ப் பின்வாங்கினாள். “பைத்தியமா ஒனக்கு? அறுத்தவ கைடி இது. இந்தக் கை குங்குமத்தத் தொட்டு எத்தினி வருசம் ஆச்சு! தெரிஞ்சா ஒன்னையும் என்னையும் சேத்து வெட்டிப் போட்டுருவானுவோ.”

“அவர கடேசியா தொட்டுத் தடவிக் குடுத்த கை அதான். அந்தக் கையால வச்சா வச்சுக்குறேன். இல்லாட்டி வேணாம்.”

லீலாவதி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலைக் குங்குமத்தில் வைத்தாள். வியர்வையில் அது விரலோடு அப்பிக்கொண்டது.

விரல் நெற்றியை நெருங்கியபோது சத்யப்பிரியா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். இதோ, ஆண்டவர் இப்போது போய்விடுவார் என்று பயந்தாள். பன்னிரண்டு வருட வழக்கத்தை ஒரு கட்டைவிரல் அழித்துவிடுமே என்று பயந்தாள். விரல் பட்டது. சூடாக இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பொட்டு வைக்காததற்காக ஒருவர் உயிரை எடுக்கிறவரும் இல்லை, வைத்ததற்காக விட்டுவிட்டுப் போகிறவரும் இல்லை போலிருக்கிறது. அவர் இருந்த இடத்தில் இருந்தார்.

பூவையும் வளையலையும் லீலாவதி தொடவில்லை. கட்டில்மேல் மடித்து வைத்திருந்த கோடிச் சேலையை முக்காடாகப் போட்டு, கைகளையும் சேர்த்து மூடிவிட்டாள். கதவு திறந்ததும் எல்லாருடைய கண்களும் நெற்றிக்குப் போயின. கவிதா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். கரண்டு கம்பத்தடியில் பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. சத்யப்பிரியாவுக்கு வலித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகுமோ என்ற பயம் எழுந்தது. அதற்குள் மேளம் தொடங்கிவிட்டது.

ராஜராஜனைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பாடையில் கிடத்தினார்கள். பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். லீலாவதி இடது கையால் அரிசியை அள்ளினாள். வலது கை முந்தானைக்குள் இறுக மூடியிருந்தது.

“இடது கையால போடக் கூடாதும்மா. சோத்துக் கையால போடு” என்றார் அரிசி முறத்தோடு நின்ற கிழவர்.

லீலாவதி அசையவில்லை. கவிதா திரும்பிப் பார்த்தாள். அறிவரசனும் பார்த்தான். பெண்களின் வரிசை பின்னால் நெருக்கியது. லீலாவதியின் உதடு வெளுத்துப் போயிருந்தது.

சத்யப்பிரியா முக்காட்டுக்குள்ளிருந்து கையை நீட்டி அந்த மூடிய கையை வெளியே எடுத்தாள். தன் கையால் மேலே பொத்தினாள். இருவர் கையும் ஒன்றாகவே முறத்தில் இறங்கி, அள்ளி, அவன் முகத்துக்கு நேராகப் போய்த் திறந்தன.

அரிசி அவன் உதட்டிலும் தாடையிலும் விழுந்தது. ஒன்றிரண்டு மணிகள் சிவந்திருந்தன.