பல்கலைக்கழகம் கழித்துக் கட்டியது

பல்கலைக்கழகத்தின் பின்வாசலில் வாரத்துக்கு ஒருநாள் கழிவு விற்பனை நடக்கும். முன்வாசலில் வளைவு, கொடிக்கம்பம், பூச்செடி எல்லாம் உண்டு. பின்வாசலில் ஒரு தகரக் கொட்டகையும் ஒரு ஸ்டோர்காரரும்தான். படித்தவர்களுக்குச் சலித்துப்போன சாமான் எல்லாம் அங்கே வந்து சேரும். கம்ப்யூட்டர், மானிட்டர், சக்கரம் போன நாற்காலி, யாருக்கும் பெயர் தெரியாத கருவிகள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைக்கூட வயதாகிவிட்டது என்று தள்ளிவிடுவார்கள். அதைத் துடைத்து, மெமரியைக் கூட்டி, வேறு டிஸ்க் போட்டு விற்கிறவர்கள் நாங்கள். நாங்கள் என்றால் நானும் என் கொழுந்தனும். என் வீட்டுக்காரர் பேருக்குத்தான் முதலாளி. அவருக்கு வேறு வேலை இருக்கிறது. கடைப்பக்கம் வந்தால் டீ குடித்து, இரண்டு குறை சொல்லிவிட்டுப் போவார்.

அந்த விற்பனையில் ஏலம் கிடையாது. எடைக்கு ஒரு விலை. ஷட்டர் தூக்கியதும் யார் எதன் மேல் முதலில் கை வைக்கிறாரோ அது அவருக்கு. கேட்கிறவர்களுக்கு அடிதடி நடக்கும் என்று தோன்றும். நடக்காது. வழக்கமாக வருகிற எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. கம்ப்யூட்டர் எங்களுக்கு. நாற்காலி, மேசை எல்லாம் நாற்காலிக்காரம்மாவுக்கு. கனமாக, கறுப்பாக, துருப்பிடித்து எது நின்றாலும் இரும்புக்காரருக்கு. அடுத்தவர் சரக்கைத் தொடுவதில்லை. இதை யாரும் எழுதி வைத்ததில்லை, மீறியதும் இல்லை. அதனால்தான் எங்களுக்கு எல்லாம் மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கார்டுகளின் ஓரத்தில் தங்கமுலாம் பூசிய விளிம்பு ஒன்று பல்வரிசை மாதிரி இருக்கும். அதை மட்டும் வெட்டி வாளியில் சேர்த்து வைத்தால், உருக்குகிறவர் வந்து எடுத்துப் போவார். கொழுந்தன் அதில் சூரன். வண்டியிலிருந்து சரக்கை இறக்கிய கையோடு தகரம் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பெட்டி ரொம்பப் பழசு என்றால் யோசிக்கவே மாட்டான். நறுக். கடைத்தெருவில் அவனுக்குப் பெயரே கத்தரி.

ஒரு மத்தியானம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். வெயிலில் நடந்து வந்த முகம். ஸ்டோர்காரர்தான் எங்கள் கடையைக் காட்டியிருக்கிறார்.

"அக்கா, போன வாரம் நீங்க எடுத்த கம்ப்யூட்டர்ல சாம்பல் கலர்ல பழசு ஒண்ணு இருந்துச்சா? மூடி மேல 'தொடாதீங்க'ன்னு நீல மார்க்கர்ல எழுதியிருப்பேன்."

எழுதித்தான் இருந்தது. தொடாதீர்கள் என்று எழுதினால் அதைத்தானே முதலில் தொடுவார்கள். பெட்டியை எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்ததும், பஸ் ஸ்டாண்டில் தொலைந்த குழந்தையைக் கண்டவள் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கதை இதுதான். காயத்துக்குத் தையல் போடுகிற இழையைச் செடி நாரிலிருந்து செய்திருக்கிறாள். தைத்தபின் அது உடம்பிலேயே கரைந்துவிடும். ஆனால் காயம் ஆறும்வரை தாங்க வேண்டும். அதனால் இழைகளை உடம்புச் சூட்டில் உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு, அவ்வப்போது சிலதை எடுத்து, எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று ஒரு கருவியில் அளக்கிறாள். அந்தக் கருவியை ஓட்டுவது இந்தச் சாம்பல் பெட்டி. பெட்டிக்குள் நீளமாக ஒரு கார்டு உண்டு. புதுக் கம்ப்யூட்டரில் அந்தக் கார்டு நுழைய இடமே கிடையாது. அவள் தன் அக்கா பிரசவத்துக்கு ஊருக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய புரொஃபசருக்குச் சுத்தம் செய்கிற ஆசை வந்துவிட்டது.

"கடைசி பாட்டில் இன்னும் ஊறிட்டிருக்கு. நாளாக நாளாக இழை நைஞ்சுக்கிட்டே போகும் அக்கா."

"வெளிய எடுத்து வைக்க வேண்டியதுதானே?"

"காஞ்சா முறுகிடும். அப்புறம் அளந்தாலும் அர்த்தமே இல்லை. அது கரையறதுக்குள்ள அளக்கலைன்னா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க டைம் தர மாட்டாங்க. பட்டமும் கிடையாது ஒண்ணும் கிடையாது, மூட்டை கட்ட வேண்டியதுதான்."

பெட்டியைத் திறந்தோம். கார்டு இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. நான் கொழுந்தனைப் பார்த்தேன். அவன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வாய் மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்தது.

"கார்டா? இங்கதான் எங்கயாவது கிடக்கும். தேடிப் பாத்துடலாம்."

அன்று முழுக்கத் தேடினார்கள். மறுநாளும் வந்தாள், மறுபடி தேடினார்கள். கொழுந்தன் அலமாரி மேல் ஏறினான், மேசைக்கு அடியில் ஊர்ந்தான், மூன்று வருஷமாக யாரும் திறக்காத அட்டைப்பெட்டிகளைத் திறந்து தும்மினான். இவ்வளவு பொறுப்பாக அவன் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. ஒரு விஷயம் மட்டும் கவனித்தேன். கடை முழுக்கத் தேடியவன் வாளி இருந்த மூலைக்கு மட்டும் போகவில்லை.

அவள் டீ வாங்கப் போன நேரத்தில் அவனைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டேன். பொதுவாக அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

"வெட்டிட்டியாடா?"

மென்று முழுங்கினான். "போச்சுன்னு சொன்னா அழுதுடுவா அண்ணி. தேடித் தேடி அவளே அலுத்து விட்டுடுவான்னு நினைச்சேன்."

"அவ விட்டுடுவா. அந்த பாட்டில் விடுமா? ரெண்டு நாளா அங்க நைஞ்சுட்டிருக்கு, நீ இங்க மேசைக்கு அடியில நீச்சல் அடிச்சுட்டிருக்க."

எனக்கு வந்த கோபம் அவன் வெட்டியதற்காக இல்லை. வெட்டுவது தொழில், வெட்டினான். ஒருத்தியின் நாட்களை எடுத்து இப்படிக் குப்பையில் கொட்டலாமா? அவள் டீ டம்ளர்களோடு வந்ததும் நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொன்னான். தலையைத் தூக்காமல், ஒரே மூச்சில், எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் அழவில்லை. டம்ளர்களைக் கீழே வைத்தாள். "உருக்கிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் இல்ல. வாளியிலதான் இருக்கும்."

கார்டின் உடம்பு குப்பைக் குவியலிலேயே கிடைத்துவிட்டது. விளிம்புதான் பாடாய்ப் படுத்தியது. வாளியைத் தரையில் ஒரு போர்வை மேல் கவிழ்த்தோம். அத்தனையும் தங்கப் பல். கொழுந்தனுக்குத் தன் வெட்டு தனக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. குனிந்து பார்த்தவன் நிமிர்ந்து, "எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் வெட்டியிருக்கேன்" என்றான். வேறு வழியில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கார்டோடு ஒட்டிப் பார்த்தோம். கடைசியில் என் கையில்தான் அகப்பட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை, என் கண்ணாடி புதுசு.

பசை வைத்து ஒட்டி, அறுபட்ட கோடுகளின் மேல் ஒவ்வொன்றுக்கும் முடி மாதிரி கம்பி வைத்து அவளே சால்டர் செய்தாள். கொழுந்தன் விளக்கைப் பிடித்தான். அவனிடம் அவள் பேசவில்லை. கார்டை மாட்டிப் பெட்டியை ஓட்டியபோது, கார்டு இருக்கிறது என்று திரையில் ஒரு வரி வந்தது. அவள் அந்த ஒரு வரியை இரண்டு முறை வாசித்தாள்.

அன்றே பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனோம். ஸ்டோர்காரர் கதவைத் திறக்கவில்லை.

"கழிச்ச சாமானை உள்ள விட்டா அப்புறம் என்னைக் கழிச்சிடுவாங்கம்மா. வெளிய போனது போனதுதான்." அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தயங்கினார். "இன்னொண்ணும் சொல்லணும். அந்த இழுக்குற மெஷினும் நாளைக்கு விற்பனைக்கு வருது. கம்ப்யூட்டர் இல்லாத மெஷின் எதுக்கு இடத்தை அடைக்குதுன்னு உங்க சார் தள்ளிட்டார்."

அவளுக்கே அது அப்போதுதான் தெரியும். பழசு என்று கம்ப்யூட்டரைக் கழித்தார்கள். கம்ப்யூட்டர் இல்லை என்று கருவியைக் கழித்தார்கள். விட்டால் கருவி இல்லை என்று இவளையும் கழித்துவிடுவார்கள் போலிருந்தது. அங்கேயே நின்று புரொஃபசருக்குப் போன் போட்டாள். அவர் தங்கமான மனுஷன். எங்கே வைத்து அளந்தாலும் தனக்குச் சம்மதம், அளவு ஒழுங்காக இருந்தால் போதும் என்றாராம்.

கருவி வெளியே வரட்டும், வாங்கிவிடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். ஆள் உயரத்துக்கு இரும்புத் தூண், அதில் மேலும் கீழுமாக இரண்டு பிடி. பார்த்தவுடனே தெரியும், அது இரும்புக்காரர் சரக்கு. மறுநாள் ஷட்டர் தூக்கும் முன்பே அவரிடம் போய் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். எங்களோடு பல வருஷமாக நிற்கிறவர், ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்கு ஒரு பொண்ணுன்னு விடுவேன், நாளைக்கு இன்னொருத்தர் இன்னொரு கதையோட வருவார். ஏற்பாடுன்னா ஏற்பாடும்மா" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஷட்டர் மேலே போனது. நான் நேராக நடந்து போய் அந்தத் தூண் மேல் கை வைத்தேன்.

நாற்காலிக்காரம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். இரும்புக்காரர் பொறுமையாகப் போய், அன்று வந்திருந்த லேப்டாப் வரிசையின் மேல் தன் பெரிய கையை வைத்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கோ அடுத்த மாதம் முழுக்க விற்க அதுதான் சரக்கு. ஆனாலும் நான் கையை எடுக்கவில்லை. அந்தப் பெண் மேல் பாசம் பொங்கி வழிந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் கடையில் வெட்டுப்பட்டதைப் பாதியில் விட எனக்கு மனசு வரவில்லை.

கருவியைப் பின்கட்டில் கீபோர்டுக் குவியலுக்கு நடுவே நிறுத்தினோம். அவள் பாட்டிலைப் பிளாஸ்க்குக்குள் வைத்து, துண்டு சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். பாட்டிலைத் திறந்ததும் அவள் முகம் மாறியது. பாதி இழை தண்ணீரோடு தண்ணீராகக் குழைந்திருந்தது.

"மூணு ஒழுங்கா அறுந்தா போதும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு எனக்கும் விளக்கினாள். இழையின் இரண்டு நுனியையும் இரண்டு பிடியில் மாட்ட வேண்டும். நடுவில் அறுந்தால்தான் கணக்கு. பிடிக்கிட்டே அறுந்தால் அது மாட்டினவர் கை செய்த கோளாறு, அந்த இழை வீண்.

முதல் இழை நடுவில் அறுந்தது. இரண்டாவதும் அப்படியே. எனக்குக்கூட இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்ற ஆரம்பித்தது. அதற்கப்புறம் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. மூன்றாவது பிடியில் அறுந்தது. நான்காவதும் பிடியில். ஐந்தாவது மாட்டும்போதே கையோடு வந்துவிட்டது. பாட்டிலில் தேறுகிற மாதிரி ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

இடுக்கியால் அதை எடுத்தவள் மாட்டவில்லை. திரும்பி இடுக்கியைக் கொழுந்தனிடம் நீட்டினாள். வாளியைக் கவிழ்த்த நாளிலிருந்து அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"நீங்க மாட்டுங்க."

"நானா?"

"என் கை இனிமே ஆகாது."

அவன் என்னைப் பார்த்தான். "அண்ணி, நான் கெடுத்துட்டேன்னா?"

"ஒரு தடவை கெடுத்தாச்சுல்ல. வாங்கி மாட்டு."

இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேல் நுனியை மாட்டினான், கீழ் நுனியை மாட்டினான், திருகை விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். தகரக் கத்தரி பிடிக்கிற ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் பட்டனை அமுக்கினாள். தூண் முனகியது, திரையில் கோடு ஏற ஆரம்பித்தது. இன்னும் ஏறியது. நான் கும்பிடுகிற ஆள் இல்லை, ஆனால் கை தானாகச் சேர்ந்திருந்தது.

சின்னதாக ஒரு சத்தம். யாரும் திரையைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் குனிந்து பிடிகளுக்கு நடுவில் பார்த்தோம், கொழுந்தன்தான் முதலில் பார்த்தான்.

"நடுவுல" என்றான். எங்களுக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தவன் போல, மறுபடியும் சொன்னான். "நடுவுலதான் அண்ணி."