முப்பத்தாறு டிகிரியில் காயாத பசை

திருத்தங்கலுக்கு வெளியே இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில், காகிதக் குழாய் ஒட்டும் கூடம் தனியாக இருந்தது. வெடிமருந்து அங்கே வராது. சுவரிலிருந்த வெப்பமானி முப்பத்தெட்டைத் தொட்டால் பெண்கள் வேலையை நிறுத்தலாம் என்பது விதி. 2005 மே மாதத்தில் அது மதியத்துக்கு முன்பே தொட்டுவிடும். ஆர்டரோ நெருக்கியது.

போர்மேன் கதிரவன் சன்னல்களில் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, தரையெங்கும் தண்ணீர் தெளித்தான். வெப்பமானி முப்பத்தாறுக்கு இறங்கியது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டையும் எடுத்துக்கொள்கிறது. இதிலென்ன தப்பு என்றிருந்தான்.

அன்று அவன் தங்கை பாண்டிச்செல்வி குழாயும் கையுமாகச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“கிறுகிறுன்னு வருதுண்ணே. தொடைக்கத் தொடைக்க வேர்வை ஊத்துது.”

பக்கத்திலிருந்த இருளம்மாள் விடவில்லை. “இட்லிக் கொப்பரைக்குள்ள உக்காந்த மாதிரில்ல இருக்கு! ஒம்ம மீட்டர இங்கன வந்து கொஞ்சம் உக்காரச் சொல்லும்.”

அந்நேரம் முதலாளி மகன் ராம்குமார் ஒரு குழாயோடு வந்தான். “காலைல ஒட்டுனது இன்னும் பிசுபிசுங்குது. பசையில தண்ணிய ஊத்துறீகளா?”

கதிரவன் குழாயைத் தொட்டுப் பார்த்தான். உடனே தங்கையின் கையையும் தொட்டான். இரண்டும் ஈரம்.

“நா என்ன குழாயாண்ணே, அமுக்கிப் பாக்க?”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு வெப்பமானியை எடுத்து வந்து, அதன் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினான். துணி காயக் காய அளவு இறங்கவேண்டும். நம் தோலும் இப்படித்தான்: வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், வழிந்தால் பயனில்லை. ஈரக்குமிழ் இருபத்தொன்பதில் நின்றுவிட்டது. வெளியே வேப்பமர நிழலில் பார்த்தான். காற்று நாற்பது, ஈரக்குமிழோ இருபத்துநாலு. வித்தியாசம் பெரிதானால் காற்று வறண்டது; வேர்வையை வாங்கிக்கொள்ளும். பாதுகாப்பு வகுப்பில் கொடுத்த அட்டவணையில் விரல் வைத்துத் தேடினான். வெளியே உடம்புக்குத் தெரிவது ஏறக்குறைய நாற்பத்தொன்று. கூடத்துக்குள் நாற்பத்தெட்டு.

ஓடிப்போய்ச் சாக்குகளைப் பிடுங்கினான். “எல்லாரும் வெளிய வாங்க!”

“வெளிய நாப்பதுய்யா! அடுப்புல கொண்டுபோயா ஒக்கார வைக்கீக?” என்றான் ராம்குமார்.

“உள்ள வேர்வை காயல தம்பி. பசையும் அதான் காயல. நான் செஞ்ச வேல.”

மரத்தடியில் பாண்டிச்செல்வியைப் படுக்கவைத்தார்கள். இருளம்மாள் உப்புப் போட்ட நீர்மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கதிரவன் உட்காரவில்லை, ஈரத்துண்டால் தங்கையின் கழுத்தைத் துடைப்பதும் விசிறுவதுமாக இருந்தான். சற்று நேரத்தில் அவள் கை காய்ந்திருந்தது. அதுவும் பயமாக இருந்தது. வேர்வை நின்றுபோய்த் தோல் கொதித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேண்டும். புறங்கையை அவள் நெற்றியில் வைத்தான்.

சில்லென்றிருந்தது.

“இன்னுங் கொஞ்சம் மோரு தாங்கக்கா,” என்றாள் பாண்டிச்செல்வி.