நெட்டையர் தலைவர் குனிந்த வரலாறு

இதனால் ஏழு குலத்தாருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மலைக்குள் வாழும் குள்ளர்களில் முதன்மையானதும் மூத்ததுமான நெட்டையர் குலத்தின் தலைவர், நான்கடி உயரத்தவர், நாளைக் காலை கதவுக் குலத்தின் புது வாசலில் தலை குனிய இசைந்துள்ளார். அவ்வமயம் யாரும் தும்மக் கூடாது.

சுரங்கத் தெரு முனைகளில் ஒட்டியிருந்த இந்த அறிவிப்பைக் கதவுக்காரி ஒருமுறை படித்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். புது வாசலைச் செதுக்கிக்கொண்டிருந்தவள் அவள்தான். நாளைக்குக் கல்யாணமும் அவளுக்குத்தான். குனிய இசைந்திருப்பவர் மாப்பிள்ளையின் பெரியப்பா.

குள்ளர்கள் கல்யாணத்தில் சடங்கு ஒன்றே ஒன்றுதான். பெண் வீட்டார் தங்கள் கூடத்துக்குப் புது வாசல் வைக்க வேண்டும். மாப்பிள்ளையின் குலத்தலைவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து, அந்த வாசலின் மேல்கல்லுக்கு நேர்கீழே தலை குனிய வேண்டும். அந்தக் குனிவுதான் கல்யாணம். மற்றதெல்லாம் சாப்பாடு. தானாகக் குனியும் தலைவர் எந்தக் குலத்திலும் பிறந்ததில்லை என்பதால், வாசலை அவர் உயரத்தைவிட ஒரு விரல் தாழ்த்தி வைப்பார்கள். குனிவு நடக்காமல் போனால் அந்த ஜோடி ஏழு வருஷம் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. வாசலின் அளவு பிசகியிருந்தால், செதுக்கியவர் உளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான்.

தலைவரின் உயரத்தை யார் அளப்பது? அளக்கவே கூடாது. பதவிக்கு வந்த அன்று அவரைக் குலக்கல்லில் சாய்த்து நிறுத்தி, உச்சந்தலைக்கு நேராக ஒரு கோடு கிழித்துவிடுவார்கள். அன்றிலிருந்து கல் சொல்வதுதான் உயரம். ஏழு குலங்களில் யார் முதல், யார் கடைசி என்பதும் அந்தக் கோட்டை வைத்துத்தான். போன வருஷம்வரை ஐந்தாவதாக இருந்த நெட்டையர் குலம், இப்போதைய தலைவர் வந்ததும் ஒரே தாவலில் முதலிடத்துக்குப் போயிருந்தது. எப்படி வளர்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

மாலையில் மாப்பிள்ளை வந்தான். விளக்கு பழுது பார்ப்பவன். தாடியில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். வாசலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மேல்கல்லை அண்ணாந்து பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வச்சிருக்கலாமோ?" என்றான்.

"கொஞ்சம்னா?"

"ஒரு நாலு விரல்."

கதவுக்காரிக்குச் சுருக்கென்றது. "உங்க குலக்கல்லு நாலடிங்குது. நான் உங்க பெரியப்பாவுக்கு வாசல் வைக்கிறேனா, உங்க வீட்டுப் பூனைக்கா?"

தன் குலத்தலைவரின் உயரத்தைப் பற்றி வாய் திறந்தால் தாடியை மழித்துவிடுவார்கள். மாப்பிள்ளை தாடியைத் தடவிக்கொண்டே கிளம்பிப் போனான். இவளோ தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு இன்னொரு தடவை சரிபார்த்தாள். மயிரிழை பிசகில்லை. அந்தத் திருப்தியில் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் கொம்பு ஊதியது. நெட்டையர் குலம் மொத்தமும் மார்பை நிமிர்த்திக்கொண்டு வர, முன்னால் தலைவர் இரும்பு அடி வைத்த பூட்ஸில் டணார் டணார் என்று நடந்து வந்தார். வாசலின் இந்தப் பக்கம் கதவுக்காரியின் அத்தை நின்றாள். கதவுக் குலத்தின் தலைவி, இடுப்புவரை தாடி, விதிகள் எல்லாம் மனப்பாடம். சிரிப்பு மட்டும் பாடத்தில் இல்லை.

இரண்டு பேர் உட்கார்ந்து தலைவரின் பூட்ஸை இழுத்தார்கள். ஒவ்வொன்றிலும் பதினோரு பக்கிள். வலது பூட்ஸ் கழன்றதும் தலைவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். இடதும் கழன்றதும் நேரானார், ஆனால் கீழே. கதவுக்காரியின் பார்வை பூட்ஸின் அடிப்பாகத்துக்குப் போனது. நான்கு விரல் கனத்துக்கு இரும்பு. குலக்கல்லில் கோடு கிழித்த அன்று இவர் எதைப் போட்டுக்கொண்டு நின்றார் என்பது அவளுக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. 

தலைவர் வந்தார். மேல்கல் தலையில் தட்டட்டும், குனியலாம் என்று மிடுக்காக நடந்தார். தட்டவில்லை. இன்னும் நடந்தார். தலைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு எலி குடும்பத்தோடு போயிருக்கலாம். கூடத்தின் நடுவுக்கு வந்து நின்று, "மேல்கல்லு இன்னும் வரலையே?" என்றார்.

யாரோ தும்மினார்கள்.

அத்தை கதவுக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். வாசல் அளவில் தவறா என்று கேட்டாள். தவறு என்றால் உளி போய்விடும். சரி என்றால் தலைவர் குட்டை என்று அர்த்தம். அதைச் சொன்ன குலத்தோடு நெட்டையர்கள் அப்புறம் பேசமாட்டார்கள், கட்டிக்கொள்வது எங்கே? திரும்பிப் போய்க் குனியுங்கள் என்று சொல்லலாமா என்றால், ஒரு தலைவரைக் குனியச் சொல்லும் உரிமை மேல்கல்லுக்கு மட்டும்தான் உண்டு. மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வருஷம் அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"குலக்கல்லு அளவுக்கு வாசல் சரியாத்தான் இருக்கு அத்தை," என்றாள் கதவுக்காரி. சொல்லிக்கொண்டே போய்ப் பூட்ஸைத் தூக்கினாள். கனத்தது. அதைக் கொண்டுவந்து வாசற்படியில், மேல்கல்லுக்கு நேர்கீழே, தூக்குக்குண்டு விட்டதுபோல நேராக வைத்தாள்.

"பெரியவரே, கூடத்துத் தரை சில்லுனு இருக்கும். பூட்ஸைப் போட்டுக்குங்க."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் நின்ற சமையல்காரிகூட அவரைவிட உயரமாக இருந்தாள். ஆறு குலத்துத் தலைவர்களும் அவர் உச்சந்தலையைக் கவனிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் கிட்டத்தட்ட ஓடினார். படியில் நின்று, பூட்ஸுக்குள் காலை நுழைத்து, குனிந்தார். இந்தக் காலுக்குப் பதினோரு பக்கிள், அந்தக் காலுக்குப் பதினோரு பக்கிள். ஒன்றையும் விடவில்லை. அந்த மலையில் எந்தத் தலைவரும் அவ்வளவு நேரம் குனிந்ததில்லை.

அத்தை மேல்கல்லைப் பார்த்தாள். அதற்கு நேர்கீழே தெரிந்த பிடரியைப் பார்த்தாள். மனதுக்குள் விதிகளைப் புரட்டினாள்.

"குனிஞ்சாச்சு," என்றாள். "எதுக்குக் குனிஞ்சார்னு கேக்க விதி இல்லை. இலையைப் போடுங்க."

சாப்பாட்டின்போது மாப்பிள்ளை அவள் காதருகே வந்து, "நாலு விரல்னு சொன்னேன்ல?" என்றான். பேசாமல் சாப்பிடு என்றாள் அவள். தன் வாசலைத் தவறு என்று யாரும் சொல்லவில்லை என்பதில்தான் அவளுக்குப் பாதிப் பசி அடங்கியிருந்தது.

மறுநாள் சுரங்கத் தெரு முனைகளில் புது அறிவிப்பு ஒட்டினார்கள். ஏழு குலங்களின் சரித்திரத்திலேயே மிக நீண்ட குனிவை நிகழ்த்திய நெட்டையர் தலைவரின் அடக்கத்தைப் பாராட்டி, அவருடைய நான்கடி உயரமும் குலக்கல்லில் பொன்னால் பதிக்கப்படும் என்று அதில் கண்டிருந்தது.

அவருடைய உயரம் மூன்று அடி எட்டு அங்குலம்.