தெல்மாவின் கை

நாற்பத்தாறு வயதில் நான் விமானம் ஓட்டும் உரிமம் வாங்கினேன். வாரம் முழுக்க சான் எலாதியோ என்ற சின்ன ஊரில் பல் பிடுங்குவேன். சனிக்கிழமை மத்தியானம் மருத்துவமனையைப் பூட்டிவிட்டு, ஊர்க்கோடியில் இருக்கும் பறக்கும் சங்கத்துப் புல்தரைக்குப் போய்விடுவேன். மற்றவர்களுக்கு ஒரு வருஷத்தில் வந்தது எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. ஆனால் வந்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

தெல்மா என் ஒன்றாம் வகுப்புத் தோழி. அறுவடை இயந்திரம் ஓட்டுகிறாள். நான் இரண்டு கோடைகாலம் முழுக்கத் தண்ணீர் குடித்து நீச்சல் கற்றேன். அவள் ஆற்றில் தவறி விழுந்த அன்றைக்கே நீந்திக் கரையேறினாள். கிதார், கைப்பந்து, சைக்கிள், எல்லாம் அப்படித்தான். எதற்கும் அவள் மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை.

ஏப்ரலில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்து சோயா வயல்கள் சேறாகிவிட்டன. தெல்மாவுக்கு வேலையில்லை. ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்தது. பக்கத்து ஊரான கொலோனியா ரோசெத்தியின் பறக்கும் சங்கத்தில் அன்று விருந்து. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து சின்னச் சின்ன விமானங்கள் வந்து இறங்கும். அவளைக் கூப்பிட்டேன். அவளால் முடியாத ஒன்றை அவள் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகாட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது.

ஆயிரம் மீட்டரில் காற்று அசையவே இல்லை. கீழே பரனா ஆறு கலங்கி ஓடியது. தெல்மா ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் விட்டு, எங்கள் ஊர் மூலிகைத் தேநீரான மாத்தே தந்தாள். நான் உறிஞ்சி முடிக்கும்வரை அவள் ஓட்டட்டும் என்று பெரிய மனசோடு சொன்னேன்:

"இந்தா, நீ கொஞ்சம் பிடிச்சுப் பாரு."

அவள் தன் பக்கத்து விமானக் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்தாள். உயரம் காட்டும் முள்ளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கையில் அது ஒரு நாளும் நிலையாக நின்றதில்லை. ஏறும், துரத்துவேன், இறங்கும், துரத்துவேன். அவள் கையில் பசை போட்டு ஒட்டியதுபோல நின்றது.

"இது இழுத்துப் பிடிக்கிற வேலையில்ல போலடி," என்றாள். "தொட்டும் தொடாம வச்சிருந்தாலே போதும். என் மிஷின் இதவிட முரண்டு பண்ணும்."

"சரி, குடு. இங்க காத்து கொஞ்சம் மோசம்," என்று வாங்கிக்கொண்டேன். காற்று மோசமெல்லாம் இல்லை.

கொலோனியா ரோசெத்தியில் அடுப்பைச் சுற்றி அறுபது பேர் நின்று பார்க்க, விமானத்தை மூன்று முறை துள்ளவிட்டு இறக்கினேன். கதவைத் திறந்ததும் தெல்மா அவர்களிடம் சொன்னாள்:

"மூணு தடவை இறங்கி வந்திருக்கோம். எனக்கு மூணு தட்டு கறி வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அந்தச் சங்கத்தின் பயிற்சியாளர் ஒபெர்த்தி, யாரையும் லேசில் புகழாத மனிதர். கறி வேகும் நேரத்தில் விருந்தாளிகளைத் தன் பழைய மஞ்சள் விமானத்தில் ஒரு சுற்று கூட்டிப்போவார். தெல்மாவும் ஏறினாள். இருபது நிமிஷம் கழித்து அவர்கள் எங்கள் தலைக்கு மேலே தாழ வந்தார்கள். ஒபெர்த்தி இரண்டு கைகளையும் சன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினார். ஓட்டுவது அவரில்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமாம்.

இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார். "டாக்டரம்மா, இந்தக் கைய இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? இருபது வருஷத்துல இப்படி ரெண்டே பேரத்தான் பாத்திருக்கேன். புதன்கிழமைதோறும் அனுப்பிவைங்க, நான் கத்துத் தரேன்."

தெல்மாவின் முகம் சிவந்துபோயிற்று. நாற்பது வருஷத்தில் அவள் வெட்கப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

திரும்பும் வழியில் ஆற்றைத் தாண்டியதும் தெல்மா கேட்டாள்.

"எல்வீரா, உண்மையச் சொல்லு. அந்த ஆளு சும்மா புகழ்ந்தாரா? எனக்கு இது வருமா?"

பதில் என் நாக்கில் தயாராக இருந்தது. "வர்றவங்க எல்லார்கிட்டயும் அவரு அப்படித்தான் சொல்வாரு. சங்கத்துக்கு ஆள் சேரணும்ல."

"அப்படியா."

"உனக்குக் கண்ணாடி வேற. நான் மூணு வருஷம் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நல்லவேள, உன்கிட்ட கேட்டேன். இல்லன்னா அங்க போயி அசடு வழிஞ்சிருப்பேன்," என்றாள்.

அன்று எங்கள் ஊரில் நான் இறக்கியது என் வாழ்க்கையிலேயே அழகான இறக்கம். சக்கரம் எப்போது புல்லைத் தொட்டது என்றே தெரியவில்லை. தெல்மா என் முதுகில் தட்டி, "இதுதாண்டி இறக்கம். அந்த அறுபது பேரும் இங்க நின்னிருக்கணும்," என்றாள். அவள் குரலில் ஒரு பொட்டு பொறாமை கிடையாது. அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஒபெர்த்தி தொலைபேசியில் கேட்டார்: "உங்க தோழி ஏன் வரல? காத்துட்டு இருந்தேன்." விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவர் இரண்டாவது முறை கூப்பிட்டபோது ஒருவருடைய கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தேன். கருவியைக் கீழே வைத்தேன். பல் வலிக்காரரை மறுநாள் வரச்சொல்லி அனுப்பிவிட்டு வயலுக்கு வண்டியை விட்டேன்.

தெல்மா இயந்திரத்தை நிறுத்தி என்னை மேலே ஏற்றிக்கொண்டாள். ஒரே மூச்சில் சொன்னேன். ஒபெர்த்தி எல்லோரிடமும் அப்படிச் சொல்கிறவர் இல்லை, அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார், நான் பொய் சொன்னேன்.

"ஏன்?"

"உன் கையில அந்த முள் அசையவே இல்ல."

"எந்த முள்ளு?"

அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. நான் மூன்று வருஷமாகத் துரத்திக்கொண்டிருந்த ஒன்று அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், முகம் மெல்ல இறுகியது.

"நீ சொன்னா அது சத்தியம்னு நெனச்சேன்டி நான்," என்றாள். "இறங்கு. இன்னிக்கு உன் மூஞ்சியப் பாக்க முடியாது."

அறுத்த சோயாத் தண்டுகள் காலில் குத்த வண்டிவரை நடந்தேன்.

நான்கு மாதம் அவள் என்னிடம் பேசவில்லை. புதன்கிழமைகளில் கொலோனியா ரோசெத்திக்கு அவள் வண்டி போவதை என் மருத்துவமனைச் சன்னலிலிருந்து பார்ப்பேன். ஆகஸ்டில் ஒரு செய்தி அனுப்பினாள்: "சனிக்கிழமை தனியாப் பறக்கிறேன். வேணும்னா வா."

போனேன். எங்கள் பக்கம் ஆகஸ்ட் குளிர்காலம், புல்தரையில் உறைபனி இன்னும் உருகவில்லை. மஞ்சள் விமானத்தில் அவள் மட்டும் ஏறினாள். மூன்று சுற்று வந்தாள். ஒவ்வொரு முறையும் சக்கரம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. எனக்குள் அதே பொறாமை எழுந்தது. அது போய்விடும் என்று எண்ணித்தான் வந்திருந்தேன், போகவில்லை. ஆனால் அவள் மூன்றாவது முறை இறங்கும்போது, சரியாக இறங்கிவிட வேண்டுமே என்று என் கை என் மேல்சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. அதுவும் உண்மை.

முதல்முறை தனியாகப் பறந்தவர் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒபெர்த்தி வாளியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தெல்மா கண்ணாடியைக் கழற்றி அவரிடம் தந்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள். வேண்டியதைவிடச் சற்று ஓங்கியே வீசினேன்.

மூச்சு வாங்கியபடி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதுல பாதி பொறாமைதானே?"

"முக்கால்வாசி."

"போடி," என்றாள். பிறகு நடுங்கிக்கொண்டே என் தோளிலிருந்து மேல்சட்டையை உருவித் தான் போட்டுக்கொண்டு, கறி வெந்துவிட்டதா என்று பார்க்க அடுப்பின் பக்கம் நடந்தாள்.