படம் சீக்கிரம் வந்துவிட்டது

தஞ்சாவூரில் கிளமென்ட் குடியிருக்கும் மாடியில் எந்நேரமும் விசிறி இரைந்துகொண்டிருக்கும். அது கம்ப்யூட்டருக்குள் சுழலும் விசிறி என்று எதிர்வீட்டு அமலிக்கு யார் சொன்னாலும் ஏறாது. "ஒண்டி ஆளுக்கு எதுக்குங்க இத்தனை ஃபேனு?" என்று தெருவையே கேட்டுவைப்பாள்.

மேகத்தையும் ஊடுருவிச் செயற்கைக்கோள் எடுத்த படத்தில், எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்று பிரித்துக் கொடுப்பது அவன் வேலை. ஒரு படத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். அதற்காகத் திருவாரூர் வேளாண்மை அலுவலகத்தில் காத்திருக்கும் மாளவிகா, நடுநடுவே போன் செய்வாள்.

"வந்துச்சா சார்?"

"பாதிதான் மேடம்."

"அதுவரைக்கும் சொல்லுங்க, இன்னிக்கு என்ன சமையல்?"

"ரசம்."

"நேத்தும் ரசம்தானே! ரசத்தையே நம்பி ஒரு மனுஷன் எப்படிங்க இருக்கறது?"

கிளமென்ட்டிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வேறு ஆள் கிடையாது.

இந்த ஐப்பசியில் மழை விடவில்லை. "படம் சாயங்காலம் வந்தா, வடிகாலைத் திறக்கறதுக்குள்ள சம்பா அழுகிடுது சார். ஏதாவது பண்ணுங்களேன்" என்றாள் அவளே.

பண்ணினான். இதுவரை கம்ப்யூட்டரின் மூளையான சிபியு மட்டும் தனியாக மாரடித்த வேலை. இப்போது சிபியு படத்தைத் துண்டு போட்டுக் கொடுக்க, படம் வரைவதற்கென்றே உள்ளே இருக்கும் ஜிபியு சில்லு ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கணக்கிட்டது. ஜிபியு ஒரு துண்டை முடிப்பதற்குள் சிபியு அடுத்ததைத் தயாராக வைத்திருக்கும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாத ஏற்பாடு. அதைக் கட்டிமுடிக்க இவனைவிடப் பொருத்தமான ஆள் அந்தத் தெருவிலேயே இல்லை. மூன்று மணி நேர வேலை ஏழே நிமிடத்தில் முடிந்தது.

முதல் படத்துக்கு அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது. போன் வரவில்லை.

அடுத்த படம் வந்தபோது கை தயங்கியது. ஜிபியுவை நிறுத்த ஒரு வரியை மாற்றினால் போதும். பழைய மூன்று மணி நேரம் திரும்பிவிடும், ரசமும் விசாரிக்கப்படும். ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்தது. வரியைத் தொடாமல் ஓட விட்டான். முத்துப்பேட்டைப் பக்கம் வயலெல்லாம் தண்ணீரைக் காட்டும் நீலமாக விழுந்தது. அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, தானே கூப்பிட்டான்.

"சொல்லுங்க சார்! படத்தைப் பாத்துட்டு ஜீப்ல கிளம்பிட்டோம். ஏதும் தப்பா?"

"இல்ல மேடம், சரியாத்தான் இருக்கு."

"வேற ஏதாவது?"

"ஒண்ணுமில்லீங்க."

வைத்துவிட்டாள். விசிறியும் அடங்கியிருந்தது. அவன் மாடி வராந்தாவுக்கு வந்து நிற்க, எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"என்னங்க, ஃபேன் சத்தத்தையே காணோம்?"

"வேலை முடிஞ்சிருச்சுக்கா."

"அதுக்குள்ளயா? அப்ப மிச்ச நேரத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

துணி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பவனைப் போலக் கொடியைத் தடவினான் கிளமென்ட். அந்த அடைமழையில் கொடியில் ஒரு துணியும் இல்லை என்பதை அமலியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.