கப்சிப்

அவளுடைய கணவருக்கு முடிவெட்டும் கடை. இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. அதே தெருவில் இன்னும் மூன்று கடைகள் இருந்தாலும் கூட்டம் இவரிடம்தான். கத்தரிக்கோலை விட அவருக்கு வாய் வேகம். தலையில் பேருக்குக்கூட முடியில்லாத இரண்டு பேர், அவர் பேச்சைக் கேட்பதற்கென்றே தினமும் வந்து பெஞ்சைத் தேய்த்துவிட்டுப் போவார்கள்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஒருநாள் மத்தியானம் மூச்சு முட்டி, கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். அவரிடம் கேட்க வழியில்லை. நீட்டிய காகிதத்தில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். 

ஆள் பிழைத்தார். ஆஸ்பத்திரி மூலமாக ஒரு பேசும் பெட்டி வந்தது. உள்ளங்கை அகலம், கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். எழுத்துகளைத் தட்டினால் அது பேசும். குரல் என்னவோ ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிறவருடையது போல இருந்தது. கோபமோ கொஞ்சலோ, எல்லாம் அதற்கு ஒன்றுதான். அதைவிடப் பெரிய தொல்லை, தட்டி இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் அது வாய் திறக்கும். கடையில் அவர் ஒரு நையாண்டியைத் தட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். பெட்டி அதைச் சம்பந்தமில்லாத இடத்தில் சொல்லும். வந்தவர்கள் மரியாதைக்குச் சிரிப்பார்கள். அந்த மரியாதைச் சிரிப்பு அவரை அரித்துக்கொண்டிருந்தது. வழுக்கைத்தலைக்காரர்களில் ஒருவர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

மறுபரிசோதனைக்குப் போக வேண்டிய தேதி தாண்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு சாயங்காலம், துவைத்த துண்டுகளை மடித்தபடி அவள் அதை நினைவுபடுத்தினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் விடவில்லை. டாக்டர் சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று எதையோ தட்டத் தொடங்கினார். அந்த முதுகைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"சரிங்க, விடுங்க. உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப போலாம்."

அவர் அவளுடைய கையைப் பிடித்தார். அப்போதுதான் பெட்டி பேசியது.

"நீ கையெழுத்துப் போடாம இருந்திருந்தா என் குரல் என்கிட்டயே இருந்திருக்கும்."

அவர் பதறிப்போய்ப் பெட்டியின் வாயைப் பொத்தினார். பொத்திய கைக்குள்ளிருந்து, வண்டி தாமதம் என்று சொல்கிற அதே நிதானத்தோடு அது மிச்சத்தையும் சொல்லி முடித்தது. "செத்திருந்தாலும் பரவால்ல."

அவள் எழுந்து போய், மடித்த துண்டுகளையே மறுபடி மடித்தாள்.  மறுநாள் காலையில் தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. 'அதை அழிச்சிட்டேன். சத்தியமா அழிச்சேன். அது கேக்கல.'

அவள் அதை நம்பினாளா என்றால், பாதிதான் நம்பினாள். சொல்லிவிட்டுச் சொல்லவில்லை என்பது மனுஷ சுபாவம்தானே. ஆனால் அவள் வேலை பார்ப்பது லிஃப்டுகளுக்கு நிரல் எழுதும் கம்பெனியில். எந்த மாடியில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார்கள் என்று பதிவைப் பார்த்து வழக்குத் தீர்ப்பது அவளுடைய அன்றாடப் பிழைப்பு. அந்தப் பெட்டியும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான்; அதற்குள்ளும் பதிவு இருக்கும். அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அதைத் தன் மடிக்கணினியோடு இணைத்துத் திறந்து பார்த்தாள்.

இருந்தது. ஏழு மணி பன்னிரண்டு நிமிடம், நான்காவது விநாடியில் வாக்கியம் முடிந்திருந்தது. ஐந்தாவது விநாடியில் அழிக்கும் விசை. உடனே மறுபடி அழிக்கும் விசை, இன்னொரு முறை, இன்னொரு முறை. ஏழாவது விநாடியில்தான் ஒலி தொடங்கியிருந்தது.

நான்கு தடவை. அவள் தோளில் சாய்ந்த அந்த ஒரு கணத்துக்குள் நான்கு தடவை அழித்திருக்கிறார். திரையில் எழுத்து அழிந்தது; குரல் மட்டும் யார் கையிலும் அகப்படாமல் போய்விட்டது. முந்தின நாள் வராத அழுகை அவளுக்கு இப்போது வந்தது. ஈரத்தலையோடு வெளியே வந்தவர், அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று புரியாமல், தலை துவட்டும் துண்டாலேயே அவள் கண்ணைத் துடைத்தார்.

ஆபீசில் அவளுக்குப் பக்கத்து மேசைத் தோழியின் பட்டப்பெயர் தந்தி. எதையும் நாலு வார்த்தையில் முடித்துவிடுவாள். இயக்க முறைமையின் கருவான கெர்னலில் கை வைக்கத் தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். மத்தியானச் சாப்பாட்டின்போது அவளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

சிக்கல் இதுதான். பேசும் நிரல் ஒலியைத் தயாரித்துக் கெர்னலிடம் கொடுத்துவிடுகிறது. அங்கே அது வரிசையில் நிற்கிறது. கொடுத்ததைத் திரும்ப வாங்க அந்தப் பெட்டியில் வழியே வைக்கவில்லை. கெர்னல் என்பது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா மாதிரி. சாதாரண நிரல்கள் உள்ளே நுழைய முடியாது, எண் சொல்லித்தான் வேலை கேட்க வேண்டும். அந்த எண் அதனுடைய பட்டியலில் இருந்தால்தான் காரியம் நடக்கும். இப்படிக் கேட்பதற்குத்தான் சிஸ்டம் கால் என்று பெயர். பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியுமா என்று அவள் கேட்டாள். அழிக்கும் விசையைத் தட்டியதும், வரிசையில் நிற்கும் ஒலியை அப்படியே கொட்டிவிட ஒன்று.

தந்தி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"இதுக்கெல்லாம் சிஸ்டம் கால் சேக்க மாட்டாங்க. ஒண்ணு சேத்தா காலம் பூரா காப்பாத்தணும். உலகத்துக்கே குடுக்கற வாக்கு அது."

"உலகத்துக்கு வேணாம்டி. ஒரே ஒரு ஆளுக்குத்தான்."

தந்தி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "அப்ப சரி" என்றாள்.

பெட்டி செய்தவர்களிடம் கேட்டு மூல நிரலை வாங்க ஒரு வாரம் ஆனது. அதன்பிறகு ஆபீஸ் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அவள் உட்கார, மறுமுனையில் அவர் காய் நறுக்குவார். புதிய அழைப்புக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. அவரிடமே கேட்டாள். அவர் கத்தியை வைத்துவிட்டுத் தட்டினார். மூன்று விநாடி கழித்துப் பெட்டி அறிவித்தது.

"கப்சிப்."

ஒலிபெருக்கிக் குரலில் அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். பட்டியலின் கடைசியில், நானூற்று எழுபத்திரண்டாம் எண்ணுக்கு நேராக, ஆங்கில எழுத்தில் கப்சிப் என்று எழுதுவதென்று முடிவானது.

முதல் முயற்சி புஸ்ஸென்று போனது. இப்படி ஒரு வேலை இங்கே கிடையாது என்று கெர்னல் கையை விரித்துவிட்டது. வேலைக்கான நிரலை எழுதியவள், பெயர் வைத்த மும்முரத்தில் அதைப் பட்டியலில் சேர்க்கவே மறந்திருந்தாள். சேர்த்து, கெர்னலை மறுபடி கட்டி, ஒரு விடுமுறைக் காலையில் பெட்டியில் ஏற்றினாள். அவர் ஒரு நீள வாக்கியத்தைத் தட்டிவிட்டு அழித்தார். வாக்கியம் நின்றது. கூடவே பெட்டியும் நின்றது. திரை கறுத்து, எந்த விசைக்கும் அசையாமல் மரக்கட்டை மாதிரி கிடந்தது. பழைய கெர்னலைப் பத்திரமாக வைத்திருந்தாளே தவிர, அது இருந்த நினைவக அட்டை ஆபீஸ் மேசை இழுப்பறையில் இருந்தது. ஆபீஸ் மறுநாள்தான் திறக்கும்.

"ஒரு நாள் முழுக்க உங்களை ஊமையாக்கிட்டேனே" என்றாள்.

அவர் அவளுடைய உள்ளங்கையை விரித்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அவள் தப்பும் தவறுமாக வாசித்தாள். 'நிம்மதி' என்று அவர் எழுதியதை 'நிறுத்து' என்று வாசித்து, கையை இழுத்துக்கொள்ளப் போனாள். அவர் விடாமல் பிடித்து மறுபடி எழுதினார். அன்று பூராவும் அப்படியே போனது. கை கூசிச் சிரித்ததில் பாதிப் பேச்சு புரியவில்லை. எழுதி எழுதிச் சாயங்காலம் அவர் ஒன்று சொல்லி முடித்தார். பெட்டி அதைச் சொன்ன அன்று அவர் நினைத்தது பொய்யில்லை, நினைத்தது நிஜம்தான். ஆனால் அவளிடம் சொல்லக்கூடாது என்று நினைத்ததும் நிஜம்.

"தெரியும். நாலு தடவ அழிச்சீங்க" என்றாள் அவள். "எனக்கும்தான் அந்தக் கையெழுத்து உறுத்துது. ஆனா மறுபடி நீட்டுனாலும் போடுவேன்."

அவர் அவளுடைய கையை மூடி, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

மறுநாள் தந்தி அவளுடைய நிரலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தப்பைக் கண்டுபிடித்தாள். ஒலிபெருக்கி இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே இவள் அதன் கையிலிருந்த தாளைப் பிடுங்கியிருக்கிறாள். "மொதல்ல நிறுத்தச் சொல்லு. அப்புறம் பிடுங்கு" என்றாள் தந்தி. இரண்டு வரிகளை இடம் மாற்றி, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காதபடி ஒரு பூட்டுப் போட்டதும் சரியாகிவிட்டது. அன்று சாயங்காலம் அவர் இருபது தடவை தட்டி இருபது தடவை அழித்தார். இருபது தடவையும் பெட்டி கப்சிப்.

அந்த வார முடிவில் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு மறுபரிசோதனைக்குக் கிளம்பினார். தொண்டை சுத்தமாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டர்.

அவள் எதிர்பாராத ஒன்று கடையில் நடந்தது. பெட்டியின் தாமதம் குறையவே இல்லை. இரண்டு மூன்று விநாடி அப்படியேதான் இருந்தது. ஆனால் பேச்சை நடுவில் நிறுத்த முடியும் என்றானதும் அவருக்குப் பழைய வித்தை திரும்ப வந்துவிட்டது. ஒரு கதையை ஆரம்பிப்பார், சரியான இடத்தில் விசையைத் தட்டி அறுத்துவிடுவார், கத்தரிக்கோலைச் சரக் சரக்கென்று ஆட்டிக்கொண்டு நிற்பார். நாற்காலியில் இருப்பவர் கழுத்தைத் திருப்பி, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்பார். மிச்சத்தை நிதானமாகத் தட்டுவார். காத்திருப்பது இப்போது கேட்பவர்களின் பாடு.

ஒருநாள் ஆபீஸ் விட்டு வரும் வழியில் அவள் கடைக்குள் நுழைந்தாள். வருவதை நிறுத்தியிருந்த வழுக்கைத்தலைக்காரர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். கணவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். சீப்பை வைத்துவிட்டு எதையோ தட்டினார்.

"என் பொண்டாட்டி இருக்காளே," என்றது பெட்டி. "அவள மாதிரி ஒரு"

தட்டி நிறுத்தினார். கடையே அவரைப் பார்த்தது. அவர் பாட்டுக்கு வாடிக்கையாளரின் காதோரத்தை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"மாதிரி ஒரு, என்ன?" என்றார் வழுக்கைத்தலைக்காரர்.

கணவர் உதட்டைப் பிதுக்கினார். வீட்டுக்கு நடக்கும்போது அவளும் கேட்டுப் பார்த்தாள், இரண்டு தடவை. அவர் அழுக்குத் துண்டுப் பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, இந்தக் கையால் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர, பெட்டியைத் தொடவே இல்லை.